வலிக்கும் ஒரு துண்டு வேண்டும்

(திருகோணமலையில் நடந்த எமது சங்கக் கிளைப் பயிற்சி வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான எமது தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், சேமலாப நிதி, லயம், காணி என்று பேசுவதுதான் வழக்கம். இன்று சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசப் போகிறோம். இது சங்கத்துக்கு ஏற்ற விடயமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒப்பரேஷன் செய்த இடத்தில் வலி விடவில்லை என்பதற்காக ஒரு பெண் கொழுந்துக் கூடையை மாட்ட முடியாமல் அரைப்பேரோடு வீடு திரும்பினால், அது சம்பளப் பிரச்சினை. மூட்டை தூக்கிய ஓர் ஆண், இடுப்புக்குக் கீழே வலி என்று துறைமுக வேலையை விட்டுச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனால், அது தொழில் பிரச்சினை. ஆகவே இது நம்முடைய விடயம்தான்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேரின் தாய் தகப்பன் 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து இறங்கி வந்து இந்த மாவட்டத்தில் குடியேறியவர்கள். மற்றவர்கள் இன்றும் தோட்டத்தில் பேர் உள்ளவர்கள், அல்லது வேலை தேடிச் சீனன்குடா, கந்தளாய், உப்புவெளிப் பக்கம் வந்த பிள்ளைகள். எல்லோருக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. வலி வந்தால் தாங்கிக்கொள்வோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு வெள்ளைக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறிய பரம்பரை நாம். அந்தப் பொறுமையைப் பலர் நமக்கு எதிராகவே பாவித்திருக்கிறார்கள்.

ஆகவே கேள்வி இதுதான். சத்திரசிகிச்சை ஒன்று பிழைத்துப் போய்விட்டது, வலி விடவில்லை என்று ஒருவர் நினைக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்? எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும்? முடிவை யார் எடுக்க வேண்டும்?

வலியும் பிழையும் ஒன்றல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். வலி இருப்பதாலேயே வைத்தியர் பிழை செய்தார் என்று ஆகிவிடாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் கடந்தும் நீடிக்கும் வலியை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இன்று தனிப் பெயரோடு பதிந்திருக்கிறது. குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வலி நீடிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வெட்டும்போது நரம்பு பாதிக்கப்படலாம், தழும்புக்குள் அது சிக்கிக்கொள்ளலாம். திறமையான கை செய்தாலும் இது நடக்கலாம்.

வேறு சில உண்டு. துணியையோ கருவியையோ உள்ளே விட்டுத் தைப்பது. இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் வெட்டுவது. வெட்டக் கூடாததை வெட்டிவிட்டு, அதைக் கவனிக்காமலே மூடிவிடுவது. வலி, காய்ச்சல் என்று நோயாளி திரும்பி வந்தபோது பார்க்காமல் அனுப்பிவிடுவது. இவை தடுக்கக்கூடியவை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கென்று 19 விடயங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. ஆள் யார், எந்த இடம், என்ன சத்திரசிகிச்சை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிவில் கருவி, துணி, ஊசி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். எட்டு நாடுகளில் எட்டு வைத்தியசாலைகளில் அதைப் பின்பற்றிப் பார்த்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணங்கள் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. எண்ணிப் பார்ப்பது உயிரைக் காக்கும். தராசடியில் நின்று கிலோவைத் துண்டில் எழுதச் சொல்லிச் சண்டை பிடித்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டில் எது நமக்கு நடந்தது என்று வலி படும் ஆளுக்கே தெரியாது. பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது, சங்கத் தலைவருக்கும் தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால் இன்னொரு வைத்தியர் பார்க்க வேண்டும். அவர் பார்க்கக் கடதாசி வேண்டும்.

கோழிக்கோட்டில் நடந்தது

கேரளத்தில் கோழிக்கோடு. அங்கே ஒரு சாதாரண குடும்பத்துப் பெண்ணுக்கு 2017 நவம்பரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் மூன்றாவது சிசேரியன் நடந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் வலி. பல இடங்களில் காட்டினார், பல மருந்துகள் குடித்தார். கடைசியில் 2022இல் எடுத்த ஸ்கேனில் வயிற்றுக்குள் ஓர் உலோகப் பொருள் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் அதே மருத்துவக் கல்லூரியில் அதை வெளியே எடுத்தார்கள். இரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கி அது.

கருவி கையில் இருக்கிறது. இனி என்ன கேள்வி என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் கேள்வி எழுந்தது. அவருக்கு முதல் இரண்டு சிசேரியன் வேறொரு வைத்தியசாலையில் நடந்தவை. இந்த இடுக்கி எந்தச் சத்திரசிகிச்சையில் உள்ளே போனது என்று எப்படிச் சொல்வது? சுகாதாரத் திணைக்களத்தின் விசாரணைகள் அதற்குப் பதில் சொல்லவில்லை. மருத்துவக் குழுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. வழக்கை முன்னே தள்ளியது ஒரு பழைய கடதாசி. மூன்றாவது பிரசவத்துக்கு முன்பு, 2017இன் தொடக்கத்தில், அவருக்கு ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அதில் உலோகம் எதுவும் இல்லை. அப்படியானால் இடுக்கி அதற்குப் பிறகுதான் உள்ளே போயிருக்க வேண்டும். பொலிஸ் அந்தத் தடத்தில் போய் 2023 இறுதியில் இரண்டு வைத்தியர்கள் மீதும் இரண்டு தாதியர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அதற்கு முன் அந்தப் பெண் மருத்துவக் கல்லூரிக்கு முன்னால் 104 நாட்கள் சத்தியாக்கிரகம் இருந்தார். அரசாங்கம் இரண்டு இலட்சம் இந்திய ரூபா தருகிறோம் என்றது. அவர் அதை ஏற்கவில்லை. அவரோடு ஊர் மக்கள் உட்கார்ந்தார்கள், அமைப்புகள் உட்கார்ந்தன. போராட்டம் அந்த விடயத்தைச் செத்துப் போகாமல் காத்தது. பழைய ஸ்கேன் அதற்கு முதுகெலும்பு கொடுத்தது. ஒன்று இல்லாமல் மற்றது நின்றிருக்காது.

நம்முடைய நாட்டிலும் இப்படியானவை நடக்காமல் இல்லை. 2022 டிசெம்பரில் கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுக்கு வேலை செய்யாத ஒரு சிறுநீரகத்தை எடுக்கச் சத்திரசிகிச்சை செய்தபோது இரண்டும் அகற்றப்பட்டன. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை இறந்தது. 2023இல் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்காக அனுமதிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் கையை மணிக்கட்டோடு எடுக்க நேர்ந்தது. இரண்டும் பத்திரிகையில் வந்ததால் நாடு அறிந்தது. பத்திரிகையில் வராத வலிகள் எத்தனை என்று நம்முடைய லயங்களையும் குடியேற்றங்களையும் கேட்டுப் பார்த்தால் தெரியும். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் பணம் கொடுத்த காலத்தில் அதைச் செய்துகொண்ட அம்மாமார், அன்றிலிருந்து அடிவயிறு வலிக்கிறது என்று இன்றும் சொல்கிறார்கள். அது அதனால் வந்த வலியா, வேறு நோயா என்று அவர்களை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

முதல் வேலை: உடம்பு

இப்போது ஒழுங்குக்கு வருவோம். முதல் வேலை முறைப்பாடு அல்ல, உடம்பு. காய்ச்சல், காயத்தில் சீழ், வயிறு வீக்கம், விடாத வாந்தி, சிறுநீர் போகாமை, கால் மரத்துப் போதல் அல்லது பலமிழத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கக் கூடாது. சங்கக் கூட்டத்துக்கும் காத்திருக்கக் கூடாது.

அப்படி அவசரம் இல்லாத வலி என்றால், கிளினிக்குக்குப் போவதை நிறுத்தாதீர்கள். கோபத்தில் பலர் செய்வது இதுதான்: “இனி அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன்.” பிறகு ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு முறைப்பாடு செய்தால், “வலி இருந்தால் ஏன் வரவில்லை?” என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் வலி எங்கே, எப்போது, எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். “நோகுது டொக்டர்” என்பது போதாது. “வலது தொடை மடிப்பில் நெருப்பு மாதிரி எரிகிறது, இருந்து எழும்ப முடியவில்லை, பத்துக் கிலோவுக்கு மேல் தூக்க முடியவில்லை” என்று சொல்லுங்கள். அதைக் கிளினிக் கொப்பியில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

முறைப்பாடு செய்தால் இனி நமக்கு மருந்து தரமாட்டார்களே என்ற பயம் நியாயமானது. கொழும்புக்கு இரவு ரயில் ஏறிப் போய் வேறு வைத்தியரைப் பார்க்க எல்லோருக்கும் வசதி இல்லை. ஆனால் அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெறுவது ஒருவர் நமக்குச் செய்யும் தயவு அல்ல. முறைப்பாடு ஒரு பாதை, சிகிச்சை இன்னொரு பாதை. ஒன்றுக்காக மற்றதை மறுத்தால், அதையே தனி முறைப்பாடாக எழுதலாம். இன்னொரு வைத்தியசாலையில் காட்ட விரும்பினால் அனுப்புகைக் கடிதம் கேட்கலாம். புதிய வைத்தியரிடம், “முதல் வைத்தியர் பிழை செய்தாரா?” என்று ஆரம்பிக்காதீர்கள். “எனக்கு ஏன் வலிக்கிறது, அதற்கு என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் அவர் மனம் திறந்து பதில் சொல்வார். காரணம் தெரிந்தால் பிழையா இல்லையா என்பதும் மெல்லத் தெரியவரும்.

இரண்டாவது வேலை: துண்டு

வீட்டுக்கு வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டை மழை படாமல் வையுங்கள். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், வெளியே வாங்கிய மருந்தின் பில், எதையும் எறியாதீர்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னால் எடுத்தவைதான் மிக முக்கியம். கோழிக்கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரிய துண்டு வைத்தியசாலையில் இருக்கிறது. வார்ட்டில் நம்முடைய கட்டிலில் தொங்குகிறதே, பெட் டிக்கெட். சத்திரசிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, தாதியர் எழுதியது எல்லாம் அதோடு சேர்ந்திருக்கும். அதன் பிரதியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய மருத்துவப் பதிவை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் சம்பந்தப்பட்டவரே எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை இல்லை. நம்முடைய பதிவை நாமே கேட்கிறோம், சம்மதத்தையும் அதே கடிதத்தில் எழுதிக் கையொப்பமிடுகிறோம்.

வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள உதவ வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. தனியார் வைத்தியசாலை என்றால் இந்த வழி பொதுவாக இல்லை. எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது துண்டு நாமே எழுதுவது. ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி. திகதி, வலி, போகாத வேலை நாட்கள், பஸ் செலவு, யார் என்ன சொன்னார்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதினாலும் அது சாட்சிதான்.

“நான்தான் சம்மதக் கடதாசியில் கையொப்பம் வைத்துவிட்டேனே” என்று பலர் பின்வாங்குகிறார்கள். நாம் சம்மதித்தது சத்திரசிகிச்சைக்கு, கவனக் குறைவுக்கு அல்ல. அந்தக் கடதாசி புரியாத மொழியில் இருந்தது, யாரும் விளக்கவில்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள். தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழி.

மூன்றாவது வேலை: உங்களுக்கு என்ன வேண்டும்?

இதுதான் கடினமான இடம். வலி படுபவரை உட்காரவைத்து நாங்கள் கேட்கும் கேள்வி இது: “உங்களுக்கு என்ன கிடைத்தால் மனம் ஆறும்?” ஒருவர் வலி போனால் போதும் என்பார். இன்னொருவர் நடந்ததை உள்ளபடி சொல்லட்டும் என்பார். இன்னொருவர் இழந்த சம்பளத்துக்கு நட்டஈடு வேண்டும் என்பார். மற்றவருக்கு இது நடக்கக் கூடாது என்பாரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. தெரியாமல் பிழையான கதவைத் தட்டி வருடங்களை இழந்தவர்கள் பலர்.

விளக்கமும் திருத்தமும் வேண்டுமென்றால், வைத்தியசாலைப் பணிப்பாளருக்கோ வைத்திய அத்தியட்சகருக்கோ எழுத வேண்டும், பிரதியைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் இதுவே முதல் படி. தனியார் வைத்தியசாலை என்றால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு எழுதலாம்.

வைத்தியரின் தொழில் நடத்தையை விசாரிக்க வேண்டுமென்றால், இலங்கை மருத்துவ சபை. முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியாகக் கொடுக்க வேண்டும். சபையால் ஒரு வைத்தியரின் பதிவை நிறுத்தவோ நீக்கவோ முடியும். நமக்கு ஒரு சதமும் நட்டஈடு தர முடியாது. இதை அறியாமல் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம். இங்கேதான் கடிகாரம் ஓடுகிறது. காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சட்டத்தரணிகள் வாதாடலாம், நாம் வாதாட வேண்டாம். சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அரச வைத்தியசாலை என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே கையில் உள்ளது 24 மாதம் அல்ல, அதிலும் குறைவு. செலவுக்குப் பயப்படுபவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். திருகோணமலையிலும் அதன் நிலையம் இருக்கிறது.

அரச அலுவலர் உரிமையை மீறினார், பாகுபாடு காட்டினார் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு. அதற்கு ஒரே மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் நம் ஊரில் உண்டு.

பொலிஸுக்கும் போகலாம். கவனமற்ற செயலால் காயம் விளைவிப்பது தண்டனைச் சட்டக் கோவையின் 328, 329ஆம் பிரிவுகளின் கீழ் குற்றம். ஆனால் குற்ற வழக்கில் நிரூபிக்கும் சுமை மிகவும் பாரமானது. கோபத்துக்கு முதலில் தெரியும் கதவு இது. வலிக்கு உதவும் கதவு பெரும்பாலும் இதுவல்ல.

இன்னொரு முடிவும் உண்டு. எதுவும் செய்யாமல் சிகிச்சையை மட்டும் பார்ப்பது. அதுவும் ஒரு முடிவுதான். அதைக் கோழைத்தனம் என்று சங்கத்தில் யாரும் சொல்லக் கூடாது. ஆனால் எல்லாக் கதவும் தெரிந்த பிறகு எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும். தெரியாமல் காலம் போய், கதவு தானாக மூடிக்கொண்டதாக இருக்கக் கூடாது.

நீதிமன்றம் சொன்னவை

வழக்குக்குப் போவோர் இரண்டு தீர்ப்புகளை மனதில் வைக்க வேண்டும். ஒன்று நம்முடைய உயர் நீதிமன்றம் 2001இல் பிரியாணி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில் சொன்னது. 1992இல் இறந்த நான்கு வயதுப் பிள்ளையின் தகப்பன் தொடுத்த வழக்கு. அவரே ஒரு சட்டத்தரணி. மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றமும் கவனக் குறைவு இருந்தது என்று கண்டது. ஆனால் அந்தக் கவனக் குறைவினால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி நட்டஈட்டை ரத்துச் செய்தது. பிள்ளையின் மூளையில் ஏற்கெனவே கொடிய கட்டி இருந்தது. ஆகவே பிழை நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்த வலி அந்தப் பிழையால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். அதைச் சொல்ல இன்னொரு வைத்தியர் சாட்சிக் கூட்டில் ஏற வேண்டும்.

மற்றது இந்தியாவில், ஔரங்காபாத்தில். 1963இல் ஒரு தாய் அரச வைத்தியசாலையில் பிள்ளை பெற்று, தொடர்ந்து கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டார். வலியும் காய்ச்சலும் வந்தன. மறுபடி திறந்து பார்த்தபோது உள்ளே துணி இருந்தது. அந்த மாதமே இறந்தார். விசாரணை நீதிமன்றம் 36,000 ரூபா கொடுக்கச் சொன்னது. மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. இந்திய உச்ச நீதிமன்றம் மறுபடி அதை நிலைநிறுத்திய வருடம் 1996. துணியை உள்ளே விடுவது கவனக் குறைவின்றி நடக்காது, ஊழியரின் பிழைக்கு அரசாங்கம் பொறுப்பு என்பது நிலைநின்றது. ஆனால் 33 வருடம் போயிற்று. அதே 36,000 ரூபா. வழக்குக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கையும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஓர் அண்ணனின் முடிவு

நாங்கள் அறிந்த ஓர் அண்ணன். பெயரும் வைத்தியசாலையும் வேண்டாம். மூட்டை தூக்குபவர். குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தொடை மடிப்பில் வலி. அது அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று ஒவ்வொரு முறையும் அனுப்பிவிட்டார்கள். அவர் எங்களிடம் வந்தபோது 22 மாதம் முடிந்திருந்தது. கையில் மழையில் நனைந்து எழுத்துக் கரைந்த கார்ட் மட்டும்.

அன்றே தகவல் கேட்டுக் கடிதம் எழுதினோம். அதே வாரம் சட்டத்தரணியிடம் கூட்டிப் போனோம். வேறொரு வைத்தியசாலையில் காட்டினார். நரம்பு ஒன்று தழும்புக்குள் சிக்கியிருப்பதாக அங்கே சொல்லி, அந்த இடத்தில் ஊசி போட்டார்கள். வலி பாதியாகக் குறைந்தது. இது யார் செய்தாலும் நடக்கக்கூடியது, ஆனால் ஒரு வருடத்துக்கு முன்பே இதைப் பார்த்திருக்கலாம் என்றார் அந்த வைத்தியர்.

இப்போது என்ன செய்வது? தம்பிமார் சிலர் வழக்குப் போடுவோம், விடக் கூடாது என்றார்கள். அவருடைய மனைவி, “இனிமேலாவது நிம்மதியாக இருப்போம்” என்றார். அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். வழக்கு வேண்டாம் என்றார். வலி என்று வருபவரைப் பார்க்காமல் அனுப்பியதற்கு மட்டும் எழுத்தில் பதில் வேண்டும் என்றார். முறைப்பாடு போயிற்று. கூப்பிட்டுப் பேசினார்கள். வலி நீடிக்கும் நோயாளிகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று கிளினிக்குக்கு அறிவித்திருப்பதாகக் கடிதம் வந்தது. பணம் வரவில்லை. பாரம் தூக்கும் வேலைக்கு அவர் திரும்பவில்லை, தராசடியில் கணக்கு எழுதுகிறார். அந்தத் தம்பிமாருக்கு இன்றும் அது தோல்விதான். அவருக்கு அது முடிந்த காரியம். முடிவு அவருடையது, ஏனென்றால் இரவில் அந்த வலியோடு படுப்பவர் அவர்தான். சங்கத்தின் வேலை, முடிவெடுக்கும் நாளில் அவர் முன்னால் எல்லாக் கதவும் திறந்திருக்கச் செய்வது.

தாதியும் தொழிலாளிதான்

கடைசியாக ஒரு சொல். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். மருந்து இல்லை, தையல் நூல் இல்லை என்று வைத்தியசாலைகள் தவித்ததை நாம் பார்த்தோம். ஒரு வார்ட்டில் இரவு முழுக்கத் தனியாக நிற்கும் தாதியும் ஒரு தொழிலாளிதான், சிற்றூழியரும் தொழிலாளிதான். அவர்களுக்கும் சங்கம் உண்டு. ஆகவே வார்ட்டில் போய்ச் சத்தம் போடுவது, கை ஓங்குவது, முகநூலில் படம் போட்டுத் திட்டுவது எதுவும் நம்முடைய வழி அல்ல. அப்படிச் செய்தால் முறைப்பாட்டாளர் குற்றவாளியாகிவிடுவார். ஆனால் ஆள் பற்றாக்குறை என்பது நம்முடைய கேள்விக்குப் பதிலாகவும் ஆகாது. மேற்பார்வையாளர் பற்றாக்குறை என்று சொல்லித் தோட்டத்தில் தராசுப் பிழையை நாம் விட்டுக்கொடுத்தோமா?

யாராவது வீட்டுக்கு வந்து கொஞ்சம் பணம் தந்து ஒரு கடதாசியில் கையொப்பம் கேட்டால், வாசிக்காமல், சட்டத்தரணிக்குக் காட்டாமல் கையொப்பம் வைக்காதீர்கள். இனி எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன் என்று அதில் இருக்கலாம். வேலையே செய்ய முடியாத அளவுக்கு நிரந்தரமாக உடம்பு பழுதாகிவிட்டதாக மருத்துவச் சான்று கிடைத்தால், வயது வரும்வரை காத்திராமல் ஊழியர் சேமலாப நிதியை மீளப் பெறலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த வகுப்பு முடிவதற்குள் நம்முடைய கிளை மூன்று காரியத்தைத் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் வைத்தியத் துண்டுகளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதை மாதர் அணித் தோழியர் வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இரண்டு, கிளைச் செயலாளரிடம் ஒரு திகதிக் கொப்பி: சத்திரசிகிச்சை நடந்த நாள், ஒரு மாதம் முடியும் நாள், பதினெட்டாவது மாதம், இரண்டு வருடம் முடியும் நாள். பதினெட்டாவது மாதத்தில் நாமே போய்க் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். மூன்று, கிளினிக்குக்கோ விசாரணைக்கோ யாரும் தனியாகப் போகக் கூடாது. மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும், பேசுவதற்கு அல்ல, கேட்டு எழுதிக்கொள்வதற்கு.

நம்முடைய தாத்தாமார் காலத்தில் துண்டில் எழுதாத கிலோவுக்குச் சம்பளம் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதச் சொல்லிப் போராடினார்கள். எழுதாத வலிக்கும் இன்று மதிப்பில்லை. இனி அதையும் எழுதுவோம்.

உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். தனியாகச் சொல்ல வேண்டியவர்கள் கூட்டம் முடிந்த பிறகு மாதர் அணித் தோழியரிடம் சொல்லலாம்.